வண்டி ஓட்டத் தெரியாதவங்க எங்க குடியிருக்கறது?

போன வாரம் மஞ்சக்குப்பத்துல ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்தாங்க, ஒண்ணுவிட்ட அண்ணி ஒருத்தங்க. இலையில உப்பு வைக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க.

"ஏம்மா, காத்தோட்டமா சொந்த வீடு கட்டி வச்சிருக்கீங்க. அதை யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டு, சிதம்பரத்துல ஒரு சந்துக்குள்ள நீங்க வாடகைக்கு இருக்கீங்களாமே? ஏதாச்சும் பணக் கஷ்டமா?"

பணக் கஷ்டம் எல்லாம் இல்லைங்க. வீட்டுக் கடன் மாசா மாசம் ஒழுங்கா போயிட்டுத்தான் இருக்கு. ஆனா பந்தியில வச்சு இதையெல்லாம் எப்படி விளக்கறது? சிரிச்சுட்டு சாப்பிட்டு எழுந்து வந்துட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. இந்தக் கேள்வியை அண்ணி மட்டும் கேக்கல, பாக்கறவங்க எல்லாரும் கேக்கறாங்க. அதனால ஒரே தடவையா இங்க எழுதி வச்சுடறேன். நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த வீட்டைப் பத்தி நல்லதை எல்லாம் சொல்லணும். நான் ஆசைப்பட்டுக் கட்டின வீடு அது.

கடலூர்ல இருந்து நெல்லிக்குப்பம் போற ரோட்டுல, உள்ள தள்ளி இருக்கற ஒரு நகர். சுத்தி கரும்பு. மாடியில நின்னா ஒரு பக்கம் வயலு, இன்னொரு பக்கம் இன்னும் வீடு கட்டாத மனைங்க, வெள்ளை அடிச்ச எல்லைக் கல்லுங்க. காலையில மயில் கத்தற சத்தத்துலதான் எழுந்திரிப்போம். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு சத்தம் இருக்காது. நட்சத்திரம் தெரியும். கரும்பு வெட்டற காலத்துல ஆலை பக்கத்துல இருந்து காத்துல ஒரு வெல்லப்பாகு வாசனை வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வாசல்ல ஒரு முருங்கை, பின்னாடி ரெண்டு வாழை, கிணத்தடி கல்லு. துணி காயப் போட்டா ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிடும். (சிதம்பரத்துல இப்ப ரெண்டு நாள் ஆகுது. இந்த விஷயத்துல எனக்கு நிஜமாவே வருத்தம்.)

அந்த அமைதி பொய் இல்ல. அது உண்மையான அமைதி, உடம்புக்கு நல்ல அமைதி. அதை நான் எந்தக் காலத்துலயும் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ஆனா மனை வித்தவங்க கொடுத்த நோட்டீஸ்ல ஒரு வரி இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம், ஆஸ்பத்திரி பத்து நிமிஷம், ஸ்கூல் பத்து நிமிஷம்னு.

பத்து நிமிஷம் யாருக்கு?

வண்டி வச்சிருக்கறவங்களுக்குப் பத்து நிமிஷம். என் வீட்டுக்காரருக்குப் பத்து நிமிஷம். ஸ்கூட்டி எடுத்தா எனக்கும் பத்து நிமிஷம். என் அத்தைக்கு? (மாமியாரைத்தான் சொல்றேன்.) அவங்களுக்கு எழுபது தாண்டிடுச்சு, மூட்டு வலி, வண்டி ஓட்டத் தெரியாது. மெயின் ரோட்டுல இருக்கற பஸ் ஸ்டாப்புக்கு அவங்க நடந்து போகவே அரை மணிக்கு மேல ஆகும். நடுவுல ஒரு நிழல் கிடையாது, ஒரு கடை கிடையாது, உக்கார ஒரு திண்ணை கிடையாது. நாய் மட்டும் உண்டு.

அத்தை அதுக்கு முன்னாடி இருந்த இடம் திருப்பாதிரிப்புலியூர். சன்னதித் தெருவுக்குப் பின்னாடி ஒரு வாடகை வீடு, கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அங்கதான். பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தினம் நடந்து போயிட்டு வருவாங்க. கடலூரைத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. கோயில், லாரன்ஸ் ரோடு, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாமே அங்க ஒண்ணுக்கொண்ணு நடந்து போற தூரம். அவங்களுக்குப் பூ கொடுக்கற அம்மா ஒருத்தங்க, மருந்துக் கடையில ஒரு பையன், தையக்கடையில ஒரு அக்கா. எல்லாருக்கும் அத்தையைத் தெரியும்.

நாங்க நகருக்குக் குடி போனப்போ எங்களைவிட அதிகமா சந்தோஷப்பட்டவங்க அத்தைதான். சொந்த வீடு இல்லையா. கிரகப்பிரவேசத்துக்கு அவங்கதான் முன்ன நின்னு பால் காய்ச்சினாங்க.

ஆரம்பத்துல, "தம்பி, கோயிலுக்குக் கொண்டுபோய் விடறியா?"ன்னு பையனைக் கேப்பாங்க. அவரும் கூட்டிட்டுப் போவார். அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும் கேட்டாங்க. அப்புறம் பிரதோஷத்துக்கு மட்டும். ஆபீஸ் முடிஞ்சு களைச்சுப் போய் வர்ற பையன்கிட்ட கேக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அப்புறம் கேக்கறதையே நிறுத்திட்டாங்க.

எங்க யாருக்கும் அவங்க மேல கோபம் இல்ல, அவங்களுக்கும் எங்க மேல கோபம் இல்ல. வீட்டுல சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. ஒரு மனுஷி கொஞ்சம் கொஞ்சமா வெளிய போறதை விட்டுட்டாங்க, அவ்வளவுதான் நடந்தது. டிவி சத்தம் காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஓடும். போன்ல யாராச்சும் கூப்பிட்டா, "இங்க என்ன விசேஷம், ஒண்ணும் இல்ல"ம்பாங்க.

2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. எவ்வளவு நல்ல திட்டம் அது! வீட்டு வேலைக்குப் போறவங்க, கடையில நிக்கற பொண்ணுங்க, எத்தனை பேருக்கு மாசா மாசம் காசு மிச்சம் ஆகுது. ஆனா அந்த பஸ்ஸுல ஏற முதல்ல ஸ்டாப்புக்குப் போகணுமே. இலவச பஸ் மெயின் ரோட்டோட நின்னுடுது. அதுக்கப்புறம் ஆட்டோதான். ஆட்டோக்காரர் உள்ள வரணும்னா திரும்பி வர்றதுக்கும் சேர்த்துக் கேப்பார். அவர் பக்கமும் நியாயம்தான், திரும்பறப்போ சவாரி கிடைக்காது.

என் பையன் கதையும் இதேதான். எட்டாவது படிக்கறான். டியூஷன், கிரிக்கெட், ஃப்ரெண்டு வீடு, ஒரு ஸ்கெட்ச் பேனா வாங்கறது, எதுக்குமே அம்மா ஸ்கூட்டியை எடுக்கணும். அந்த வயசுல நாங்க எல்லாம் திருப்பாதிரிப்புலியூர்ல பாதி ஊரைத் தனியா சுத்தி வந்தவங்க. அவன் போன்தான் கதின்னு ஆயிட்டான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், வெளிய போக வழி இல்லாத இடத்துல அவனைக் கொண்டு வச்சது நாங்கதானே.

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை ஞாபகம் இருக்கா? சாத்தனூர் அணையில இருந்து 1.5 லட்சம் கனஅடிக்கு மேல தண்ணி திறந்துவிட்டு, தென்பெண்ணை பொங்கி வந்து கடலூருக்கு வெளிப்புறத்துல இருக்கற ஊருங்களுக்குள்ள புகுந்துச்சே, அப்போதான். எங்க தெருவுல முழங்காலுக்குத் தண்ணி. வீட்டுக்குள்ள வரல, சாமி புண்ணியம். ஆனா வண்டி எடுக்க முடியல. வண்டி எடுக்க முடியலன்னா அந்த வீட்டுல பால் இல்ல, மருந்து இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தையோட பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. என் வீட்டுக்காரர் பேன்ட்டை மடிச்சுக் கட்டிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் தண்ணியில நடந்து போய் வாங்கிட்டு வந்தார்.

2011 டிசம்பர் 30 தானே புயல் வந்தப்போ இதைவிட மோசமான அடி. கடலூரையே பிரிச்சுப் போட்டுடுச்சு. ஆனா அப்ப நாங்க ஊருக்குள்ள இருந்தோம். கரன்ட் இல்ல, ஆனா தெருமுனையில ஒரு கடைக்காரர் மெழுகுவத்தியை வச்சுக்கிட்டு அரிசி போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுல அடி பம்பு இருந்துச்சு. கால் இருந்தா போதும்னு இருந்துச்சு அன்னைக்கு.

ஃபெஞ்சல் மழைக்கு அடுத்த ஜூன்ல எனக்கு சிதம்பரத்துக்கு மாறுதல் வந்தது. கடலூர்ல இருந்தே பஸ்ல போயிட்டு வரலாம், நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க. நாங்க என்ன பண்ணோம்னா, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு குடும்பத்தோட சிதம்பரம் போயிட்டோம். இப்ப என் வீட்டுக்காரர்தான் தினம் சிதம்பரத்துல இருந்து கடலூருக்குப் போய் வர்றார். சுமார் 45 கிலோமீட்டர்.

வீடு தேடினது தனிக் கதை. முதல்ல கீழ வீதி பக்கம் ஒரு வீடு பாத்தோம். கோபுரம் தெரியற வீடுன்னு ஆசை. சாயங்காலம் போய் அரை மணி நேரம் நின்னு பாத்தா, லாட்ஜுக்கு வர்ற வேனு, டூரிஸ்ட் பஸ்ஸு, ஹாரன். வேணாம்னு வந்துட்டோம். அடுத்தது மேல வீதியில ஒரு மாடி. கீழ கடை, ஜெனரேட்டர் சத்தம். கடைசியில கிடைச்சது வடக்கு வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல. ரெண்டே ரூம். எதிர் வீட்டுச் சுவர் கை நீட்டினா தொட்டுடும். ஆனா வீதியில இருந்து ஒரு திருப்பம் உள்ள வந்ததுமே சத்தம் பாதிக்கு மேல அடங்கிடுது. சிதம்பரத்துல வீடு பாக்கறவங்களுக்கு என் அனுபவத்துல சொல்றேன், வீதியில எடுக்காதீங்க, வீதிக்குப் பின்னாடி எடுங்க.

குடி போன மறுநாள் காலையில எழுந்து பாத்தா அத்தையைக் காணோம். எனக்கு உயிரே இல்ல. செருப்பு இல்ல, பை இல்ல. கொஞ்ச நேரத்துல கையில முளைக்கீரை கட்டோட வர்றாங்க. வடக்கு கோபுரம் வழியா உள்ள போய், சிவகாமி அம்மனைப் பாத்துட்டு, சிவகங்கைக் குளத்துப் படியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, வர்ற வழியில கீரை வாங்கிட்டு வந்திருக்காங்க. யார்கிட்டயும் கேக்கல.

எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோஷத்துலதான்.

இப்ப அது தினசரி வழக்கம் ஆயிடுச்சு. கோயில் மதியம் நடை சாத்தறதுக்குள்ள ஒரு தடவை, சாயங்காலம் முடிஞ்சா ஒரு தடவை. கீரைக்கார அம்மாவோட பொண்ணுக்கு எப்ப பிரசவம்னு அத்தைக்குத் தெரியும். எந்தக் கடையில கொத்சுக்கு நல்ல கத்திரிக்காய் வந்திருக்குன்னு தெரியும். ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் இழுக்கறப்போ மோர் கொடுக்கற இடம் எதுன்னு தெரியும். சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும், 1981-ல இருந்து நடக்கற விழா. அதுக்கு யாரும் கொண்டுபோய் விட வேண்டாம், நானே போயிக்கறேன்னு இப்பவே சொல்லி வச்சிருக்காங்க. இப்பல்லாம் போன்ல யாராச்சும் கூப்பிட்டா வைக்கவே மாட்டேங்கறாங்க.

மூட்டு வலி போயிடுச்சான்னு கேக்காதீங்க, போகல. நின்னு நின்னுதான் நடக்கறாங்க. ஆனா நிக்கறதுக்கு இடம் இருக்கு. ஒரு கடைப் படி, ஒரு மண்டபம், தெரிஞ்சவங்க ஒருத்தர். வயசானவங்க நடக்கற ஊருக்கு அதுதான் முக்கியம்னு எனக்கு இங்க வந்துதான் புரிஞ்சுது. தூரம் கம்மியா இருந்தா மட்டும் போதாது, வழியில உக்கார இடம் வேணும்.

சிதம்பரம் ஏன் இப்படி இருக்குன்னு யோசிச்சுப் பாத்தேன். நடுவுல சுமார் 40 ஏக்கர்ல கோயில். நாலு பக்கமும் நாலு கோபுரம், நாலு கோபுரத்துக்கும் நேரா வழி. அதைச் சுத்தி நாலு ரத வீதி. அஞ்சு தேர் ஓடி, மூலையில திரும்பணும், அதுக்கேத்த அகலம். தேருக்காக விட்ட அகலத்துலதான் இன்னைக்குக் கடையும் ஜனமும் பஸ்ஸும் எல்லாம். அத்தை மாதிரி நடந்தாலே நாலு வீதியும் சுத்தி வர ஒரு மணி நேரம் போதும். நான் வேகமா நடந்தா அரை மணி. பேங்க், தபால் ஆபீஸ், துணிக்கடை, பல் டாக்டர், எல்லாமே அந்தச் சுத்துக்குள்ளயோ ஒட்டியோ இருக்கு.

பாரிஸ்ல ஆன் இடால்கோ மேயரா இருந்தப்போ, 2020 தேர்தல்ல, எல்லாமே வீட்டுல இருந்து நடந்தோ சைக்கிள்லயோ பதினஞ்சு நிமிஷத்துல கிடைக்கணும்னு ஒரு திட்டத்தை முன்ன வச்சாங்க. கார்லோஸ் மொரேனோன்னு ஒரு பேராசிரியர் சொன்ன யோசனை அது. உலகமே அதைப் பத்திப் பேசிச்சு. படிச்சப்போ எனக்கு நாலு வீதிதான் ஞாபகம் வந்துச்சு. நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கற ஒண்ணு இது. திருப்பாதிரிப்புலியூர், கும்பகோணம், மதுரை மாசி வீதி, எல்லாமே இந்த ஜாதிதான். புதுசா கட்ட வேண்டாம், இருக்கறதைக் கெடுக்காம வச்சுக்கிட்டா போதும்.

கடலூர் மட்டும் ஏன் நீட்டிக்கிட்டே போச்சு? அது ஒரு ஊரே இல்லைங்க, நாலஞ்சு ஊரு ஒட்டிக்கிட்டது. முதுநகர் துறைமுகத்துக்காக வளர்ந்த ஊர். திருப்பாதிரிப்புலியூர் கோயில் ஊர். தேவனாம்பட்டினத்துல 1690-ல இங்கிலீஷ் கம்பெனி வாங்கின செயின்ட் டேவிட் கோட்டை. மெட்ராஸை பிரெஞ்சுக்காரங்க பிடிச்ச 1746-ல இருந்து கொஞ்ச வருஷம் கம்பெனிக்கு இந்தப் பக்கத்துத் தலைமையிடமே அந்தக் கோட்டைதான். அந்தக் கம்பெனிக்காரங்க கோட்டை நெரிசல் வேணாம்னு மஞ்சக்குப்பம் பக்கம் தோட்ட பங்களா கட்டிக்கிட்டாங்க. பெரிய காம்பவுண்டு, மரம், காத்து, அமைதி. கார்டன் ஹவுஸ் இன்னைக்கும் அங்க நிக்குது.

அதாவது, ஊருக்கு வெளிய அமைதியா வீடு கட்டிக்கற ஆசை கடலூர்ல முந்நூறு வருஷப் பழக்கம். ஆனா அந்தத் துரைங்களுக்குக் குதிரை இருந்துச்சு, பல்லக்கு தூக்க ஆள் இருந்தாங்க. நம்ம நகர்ல குடியிருக்கறவங்களுக்கு வண்டிதான் பல்லக்கு. பல்லக்கு இல்லாதவங்க அந்தக் காம்பவுண்டுக்குள்ளயே இருந்துக்க வேண்டியதுதான்.

இதைத்தான் நான் அந்த அண்ணிகிட்ட சொல்ல நினைச்சேன். அமைதிக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையை மனை வாங்கறவர் கொடுக்கறதில்ல, அவர் காலையில வண்டியை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போயிடறார். வீட்டுல இருக்கற வயசானவங்களும், சின்னப் பசங்களும், வண்டி ஓட்டாத பொம்பளைங்களும்தான் அந்த விலையைக் கொடுக்கறாங்க. மனை பாக்கப் போறப்போ இவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கறதும் இல்ல.

சிதம்பரத்துக்கும் விலை இருக்கு, அதையும் ஒளிக்காம சொல்லணும்.

வாடகை ஜாஸ்தி, இடம் கம்மி. வெளிச்சம் கம்மி. கொசு, அப்பப்பா. மழை வந்தா சந்துல சாக்கடைத் தண்ணி ஏறுது. மார்கழியில விடியறதுக்கு முன்னாடியே ஒலிபெருக்கி. வீதியில நடைபாதை இருக்கற இடத்துல எல்லாம் பைக்கு நிக்குது, அத்தை பஸ் போற ரோட்டுல இறங்கி நடக்கறப்போ எனக்கு நெஞ்சு பதறுது. தேர், தரிசன நாள்ல சந்தை விட்டு வெளிய வரவே முடியாது. காசைப் பாத்தா கடலூர் வீட்டுல பெட்ரோலுக்குப் போனது இங்க வாடகைக்குப் போகுது, பெருசா மிச்சம்னு ஒண்ணும் இல்ல.

இதையெல்லாம்விட எனக்கு வலிச்ச ஒண்ணு இருக்கு. வீடு தேடறப்போ ரெண்டு மூணு இடத்துல, வாடகை எவ்வளவுன்னு சொல்றதுக்கு முன்னாடி, "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டாங்க. ஒரு இடத்துல சுத்திவளைச்சு, சமையல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. நந்தனார் கதை நடந்த ஊர் இது. 1916-ல சுவாமி சகஜானந்தா தாழ்த்தப்பட்ட பிள்ளைங்க படிக்கணும்னு நந்தனார் பேர்லயே பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச ஊரும் இதுதான். நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. வீதியில எல்லாரும் நடக்கலாம், ஆனா வீதியை ஒட்டி எல்லாரும் குடியிருந்துட முடியாது. பழைய ஊருங்களைப் பத்திப் பெருமையா எழுதறவங்க இதை விட்டுட்டு எழுதினா அது நேர்மை இல்ல. கடலூர் நகர்ல மனை வாங்கறப்போ எங்களை யாரும் அப்படிக் கேக்கல. பணத்தைக் கட்டினோம், பத்திரம் பதிஞ்சோம். எங்க தெருவுல எல்லா விதமான ஆளுங்களும் இருந்தாங்க. அந்த விஷயத்துல அந்தப் பொட்டல் வெளி நகர் இந்தப் பழைய ஊரைவிட எவ்வளவோ மேல். நடக்கற தூரத்துல எல்லாம் இருக்கற ஊர் எல்லாருக்கும் கதவைத் திறக்கணும். இல்லன்னா அந்த வசதி கொஞ்ச பேருக்கு மட்டும்தான்.

நடுவுல ஒரு வழியும் இருக்குங்க. சாயங்காலம் முடிஞ்சா அண்ணாமலை நகர் பக்கம் போய் நடந்து பாருங்க. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். 1929-ல ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச இடம். மரம் இருக்கு, அகலமான ரோடு இருக்கு, அமைதி இருக்கு. பசங்க சைக்கிள்ல போறாங்க. அங்க இருந்த மருத்துவக் கல்லூரிதான் இப்ப கடலூர் மாவட்டத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி. கீழ வீதியில இருந்து சைக்கிள்ல போற தூரம்தான். அமைதியான இடம்னா ஊரை விட்டு ரொம்ப தூரத்துலதான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஊரை ஒட்டி, வழியில மரத்தோட, பஸ்ஸோட இருந்தா அதைவிட வேற என்ன வேணும்? என் பையன் இப்ப அந்தப் பக்கம்தான் சைக்கிள்ல போய் கிரிக்கெட் ஆடறான். இருட்டறதுக்குள்ள வந்துடணும்னு மட்டும் கண்டிஷன்.

என் வீட்டுக்காரரைப் பத்தியும் சொல்லியாகணும். இந்த மாத்தத்துல சிரமம் எல்லாம் அவருக்குத்தான். காலையில சீக்கிரம் கிளம்பறார், ரயில் நேரம் ஒத்து வந்தா திருப்பாதிரிப்புலியூர்ல இறங்கிக்கறார், இல்லன்னா பஸ்ஸு. ராத்திரி வர்றப்போ அசந்து போயிடறார். ஒரு நாள், "நமக்கு இது தேவையா?"ன்னு நானே கேட்டேன். அவர் சொன்னது: "எனக்கு முடியும். அம்மாவுக்கு முடியாது. முடியறவன்தான் அலையணும்."

இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல முன்னாடி முடியாதவங்க தலையில இருந்த சிரமம் இப்ப முடியறவர் தலைக்கு மாறியிருக்கு. அதுதான் நியாயம்னு எனக்குத் தோணுது.

நகர் வீட்டுல இப்ப ஒரு இளம் தம்பதி இருக்காங்க. ரெண்டு பேருக்கும் வேலை, ரெண்டு பேர்கிட்டயும் வண்டி. மயில் சத்தம் கேட்டு எழுந்திரிக்கறோம்க்கான்னு அந்தப் பொண்ணு சந்தோஷமா சொல்லுது. அவங்களுக்கு அந்த வீடு சரி. நாளைக்கு அவங்க அம்மா வந்து கூட இருக்கறப்போ யோசிக்கணும்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் அவசரம். கடலூர் பஸ் ஸ்டாண்டை எம்.புதூருக்கு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை லால்புரத்துக்குன்னு, ரெண்டு ஊர்லயும் பஸ் ஸ்டாண்டை வெளிய கொண்டுபோற வேலையும் பேச்சும் நடந்துக்கிட்டே இருக்கு. நெரிசல் குறையும்ங்கறாங்க. வெளியூர் பஸ்ஸுக்கு அது சரியா இருக்கலாம். ஆனா பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள்ள நடந்து போற ஒரு ஜனக் கூட்டம் இருக்கு. பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்துல இருந்து மீன் கூடையோட வர்ற அம்மாங்க, புவனகிரியில இருந்து ஆஸ்பத்திரிக்கு வர்ற பெரியவங்க, காலேஜ் பொண்ணுங்க. இவங்களுக்கு இன்னொரு ஆட்டோ செலவு வைக்காம, டவுன் பஸ் ஊர் நடுவுல இருக்கற பழைய இடத்துலயே நிக்கணும். 2023 நவம்பர்ல அரசாங்கம், "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிச்சாங்க. நல்லது, நடக்கட்டும். அதே அக்கறையை நாலு வீதி நடைபாதை மேலயும் காட்டணும். பைக்கை எல்லாம் எடுத்துட்டு, நூறு அடிக்கு ஒரு பெஞ்சு போட்டா போதும், எத்தனையோ பெரியவங்க தினம் தானா நடப்பாங்க. நகராட்சிக்கு நான் மனு எழுதிக்கிட்டு இருக்கேன். சிதம்பரத்துக்காரங்க யாராச்சும் கூட கையெழுத்து போட வந்தா நல்லா இருக்கும்.

ஊருக்கு வெளிய மனை பாத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. வாங்க வேணாம்னு சொல்லல. பாக்கப் போறப்போ வீட்டுல வண்டி ஓட்டத் தெரியாதவங்களைக் கூட்டிட்டுப் போங்க. புரோக்கர் கார்ல போகாதீங்க, டவுன் பஸ்ஸுல போங்க. ஸ்டாப்புல இறங்கி, சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்துல, அவங்க வேகத்துல மனை வரைக்கும் நடந்து பாருங்க. அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.